புட்டுமாப் பதத்தில் மண்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிச் சொல்லப்போகிற எல்லாவற்றையும் அதோடு சேர்த்துத்தான் நீங்கள் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு பேர் படுத்த ஒற்றை அறையில் தொடங்கினேன். இன்றைக்குப் பிறம்ரனில் இருக்கிற என் வீட்டின் நிலக்கீழ் அறையை, பலகை அடிப்பதில் இருந்து பூச்சு வரை, ஒருவரையும் கூப்பிடாமல் நானே முடித்தேன். 'யெஸ்', 'நோ', 'சொறி' என்ற மூன்று சொற்களோடு ரொறன்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றப் போனேன். நான்காவது குளிர்காலத்தில் எண்பது தொன் விமானத்தைப் பின்னால் தள்ளும் வண்டியை ஓட்டினேன். அதற்கான எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் தரம் புத்தகம் முழுவதையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். கேள்வி விளங்காவிட்டாலும் விடை எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று தெரிந்திருந்தது. எங்கள் பகுதியில் அந்த வண்டியில் ஏறிய முதல் தமிழன் நான். எனக்குப் பின்னால் வந்தவர்களில் பதினொரு பேரைப் பக்கத்தில் இருத்திப் பழக்கியதும் நான்தான். லஞ்ச் றூமில் இரண்டாவது மைக்ரோவேவ் நிற்கிறதே, அதுவும் என் சண்டையால் வந்தது. பெருமைக்குச் சொல்கிறான் என்று யாராவது நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

இந்தக் குளிருக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு விசயம் எழுதித் தாருங்கள் என்று கொம்பனியில் கேட்டிருக்கிறார்கள். ஹெட்செற் எப்படி மாட்டுவது, எந்தக் கைச்சைகைக்கு என்ன கருத்து என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் ஐஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் குளிர்காலத்தில் ஒரு மடைத்தனம் செய்தேன். எங்கள் ஆட்கள் தவிர வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு ஐஸ் என்றால் உப்பு. கட்டிட வாசல் உறைந்தால் உப்பு, கார் நிறுத்துமிடம் உறைந்தால் உப்பு. நான் அப்போது காலையில் ஒரு அடுக்குமாடிக்குப் பனி வழிக்கும் வேலையும் செய்துகொண்டிருந்தேன். அங்கே மிஞ்சிய அரை மூட்டை உப்பை, ஒருவரும் கேட்காமலேயே, காரில் வைத்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பெட்டி ஏற்றுகிற இடம் கண்ணாடி போலக் கிடந்தது. விமானத்தின் மூக்குச் சில்லைச் சுற்றியும் வயிற்றுக்குக் கீழேயும் தாராளமாக வீசிவிட்டு, யாராவது பாராட்ட வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர் எங்கள் சுப்பவைசர். நியூபவுண்ட்லாந்துக்காரர், மீன்பிடிக் குடும்பம், பனங்கொட்டை மாதிரித் தலை. குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவர் பேசியது இங்கிலிசில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த விமானம் எதால் செய்தது தெரியுமா?"

"இரும்பு, சேர்."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குப்பைத் தொட்டிக்குள் கிடந்த ஒரு சோடா ரின்னை எடுத்து என் கையில் தந்து நசுக்கச் சொன்னார். நசுங்கியது. "அலுமினியம். இதால்தான் செய்தது. உப்பு இதைத் தின்னும். இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை. ஒரு நாள், முன்னூறு பேர் மேலே இருக்கிறபோது."

அந்த விமானம் அன்றைக்கு நாற்பது நிமிடம் பிந்தியது. சில்லுகளையும் கால்களையும் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினேன். மெக்கானிக் லைற் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். பிந்தியதற்குக் காரணம் எழுதும் இடத்தில் சுப்பவைசர் தன் பெயரைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை ஓய்வு பெற்ற பிறகும் நான் மறக்கவில்லை: "ஐஸில் போகிறது கஷ்டமில்லை. ஐஸிடம் ஏதாவது கேட்கிறபோதுதான் கஷ்டம். திரும்பு என்று கேட்பாய், தராது. நில் என்று கேட்பாய், தரவே தராது."

அப்போது தலையாட்டினேன். விளங்கியது பல வருடம் கழித்து, ஒரு உறைமழை நாளில்.

உறைமழை என்றால் விழும்போது தண்ணீர், நிலத்தில் பட்டதும் கண்ணாடி. அன்று மத்தியானம் அப்படித்தான். நான் 'டக்'கில் இருந்தேன். விமானத்தைத் தள்ளும் அந்தத் தட்டையான வண்டிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. விமானத்தின் மூக்குச் சில்லுக்கும் டக்குக்கும் நடுவில் ஒரு இரும்புச் சட்டம். காதில் ஹெட்செற், அதன் மறுபக்கம் கப்டன். சிறகின் நுனியோடு நடந்து வழி காட்டுவது றெஜினா. மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, இரண்டு பிள்ளைகளின் தாய், வாய் காட்டினால் ஒருவரையும் விடாது.

"அண்ணை, இண்டைக்குச் சறுக்கி விளையாடவோ வந்தனியள், வேலைக்கோ?" என்று கேட்டுக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள்.

"உம்மை மாதிரி விழுந்து எழும்ப எனக்கு வயசில்லை. சிறகைப் பாரும்."

வழக்கப்படி டக் புறப்படும் இடத்தில் மண் போட்டிருந்தார்கள். சில்லுப் பிடிக்க வேண்டுமே. கப்டன் பிறேக்கை விட்டார், நான் தள்ளினேன். ஒரு சறுக்கல் இல்லை. நடக்கிற வேகம், அதைவிடக் குறைவு. எனக்குள்ளே நான் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

நிறுத்தும் கோடு வந்தது. பிறேக்கை மெல்ல அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

சில்லுகள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. விமான நிலையத்தில் நிலம் எப்போதும் கட்டிடத்தில் இருந்து வெளிப்பக்கமாக மெல்லச் சரிந்திருக்கும், தண்ணீர் கட்டிடத்துக்குள் வராமல் இருக்க. கண்ணால் பார்த்தால் தெரியாது. எண்பது தொன்னுக்கு நன்றாகத் தெரியும். அதுவரை நான் தள்ளிய விமானம் இப்போது என்னை இழுத்துக்கொண்டு போனது. அதன் வாலுக்குப் பின்னால், எதிர்வரிசையில், இன்னொரு விமானம் நின்றது. அதற்குள் துப்புரவு செய்கிற பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

றெஜினா கையில் இருந்த இரண்டு சைகைக் கோலையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தாள். நில் என்ற சைகை. பிடித்த கையோடு கால் சறுக்கி, இருந்தபடியே விழுந்தாள். விழுந்தும் கையைக் கீழே விடவில்லை. ஐஸில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு இரண்டு கோலையும் குறுக்காகப் பிடித்திருந்த அந்தக் கோலம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் மனிதனுக்கு வருகிற புத்தி ஒன்றுதான்: இன்னும் இறுக்கி மிதி. என் காலும் அதைத்தான் செய்யப் பார்த்தது. அதைவிடப் பெரிய பயம் கப்டனின் கால். பின்னால் போகிற விமானத்தில் அவர் சடாரென்று பிறேக் மிதித்தால் மூக்கு மேலே தூக்கும், வால் நிலத்தில் குந்தும். நடுவில் இருக்கிற சட்டத்துக்கும் எனக்கும் என்ன நடக்கும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"நோ பிறேக், கப்டன்! நோ பிறேக்!" என்று ஹெட்செற்றில் கத்தினேன். கத்திக்கொண்டே என் பிறேக்கையும் விட்டேன்.

ஓம், விட்டேன். பூட்டிக்கொண்ட சில்லு ஐஸில் கட்டை. உருளுகிற சில்லுத்தான் கொஞ்சமாவது பிடிக்கும். விட்டேன், சில்லு உருண்டது, பஞ்சைத் தொடுகிற மாதிரித் தொட்டேன், சறுக்கியது, மறுபடி விட்டேன். சுக்கானை ஒரு மயிரிழையும் அசைக்கவில்லை. நாலைந்து தரம் அப்படி. ஒவ்வொரு தரமும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. கடைசியில் நின்றது. இரண்டு வால்களுக்கும் இடையில் ஒரு பஸ் நிற்க இடம் இருந்தது. இரண்டாவது பஸ்ஸுக்கு இருக்கவில்லை.

"இப்ப பிறேக் போடுங்கோ, கப்டன்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலிசில். பிறேக்கைப் போட்டார். பிறகு அவர் சொன்னார்: "நீ கத்தியிராவிட்டால் நான் மிதித்திருப்பேன்." மேலே ஜன்னலில் ஒரு பயணி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வேலைக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு அதுதான்.

ஆனால் கொம்பனிக்கு அது போதாது. ஒரு மணித்தியாலத்துக்குள் டியூட்டி மனேஜர் இங்கிலிசில் எழுதிய ஒரு தாளோடு லஞ்ச் றூமுக்கு வந்தார். என் மகன் வயது, பட்டதாரி, சப்பாத்தில் ஒரு துளி அழுக்கில்லை. கையெழுத்துப் போடுங்கள், சும்மா வழக்கமான அறிக்கைதான் என்றார். நான் பேனையை எடுத்துவிட்டேன்.

றெஜினா, இடுப்பில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு இருந்தவள், தாளை என் கையில் இருந்து பறித்தாள்.

"அண்ணை, கையெழுத்து வையாதேங்கோ! நீங்கள் வேகமாப் போய்ப் பிந்திப் பிறேக் பிடிச்சதெண்டு கிடக்கு."

"என்ன? நானோ? நடந்து வந்த நீர் என்னை முந்திக்கொண்டெல்லோ போனீர்!"

"அதைத்தான் சொல்லுறன். நான் முந்தினனான் எண்டால் நீங்கள் என்ன வேகம்? ஆமை வேகம். உதிலை வைச்சீங்கள் எண்டால் டக் ஓட்டுற பேமிற் போச்சு. பிறகு சாகும்வரை பெல்ற்றில பெட்டி தூக்க வேண்டியதுதான்."

வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள். இந்தப் பாடத்துக்கும் ஐஸுக்கும் தொடர்பில்லை, ஆனால் இதுதான் என்னைக் காப்பாற்றியது.

மனேஜரிடம் சொன்னேன்: "வாங்கோ, காட்டுறன்."

மூன்று பேரும் வெளியே போனோம். ஐஸில் என் சில்லுத் தடம் எழுதி வைத்த மாதிரிக் கிடந்தது. புறப்பட்ட இடத்தில் மண். பிறகு உருண்ட தடம். கோட்டில் இருந்து வழுக்கிய தடம், பளபளவென்று. "வேகமாகப் போனவன் கோட்டைத் தாண்டித்தானே பிறேக் பிடிப்பான்? நான் கோட்டிலேயே பிடித்திருக்கிறேன், பாருங்கள்" என்றேன். அவர் வாயைக் கோணினார். "அப்ப நீங்களே ஓட்டிப் பாருங்கள். விமானம் வேண்டாம், வெறும் டக். நடக்கிற வேகம்."

ஒரு கையில் கோப்பியோடு ஏறினார். கோட்டில் பிறேக் பிடித்தார். டக் அரை வட்டம் சுற்றி, வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோப்பி அவர் மடியில்.

"மனேஜருக்குத் திரும்பி வீட்டை போற எண்ணம் போல" என்றாள் றெஜினா, நல்லகாலம், தமிழில்.

அப்போதுதான் நியூபவுண்ட்லாந்துக்காரர் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. நாங்கள் எல்லோரும் இத்தனை வருடமாகப் புறப்படும் இடத்துக்கு மண் போட்டுக்கொண்டிருந்தோம். புறப்படும்போது சறுக்கினால் வண்டி அதே இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். நிற்கிறபோது சறுக்கினால்தான் ஆபத்து. அந்த இடத்தில் ஒரு பிடி மண் இல்லை. ஐஸிடம் கேட்கிற இடத்தில் ஒன்றும் கொடுக்காமல், கேட்காத இடத்தில் அள்ளிக் கொடுத்திருக்கிறோம்.

இதை நான் சொன்னபோது மனேஜர் ஈரக் காற்சட்டையோடு கேட்டுக்கொண்டு நின்றார். தாளைக் கிழிக்கவில்லை, பொக்கெற்றுக்குள் வைத்தார். பேமிற்றையும் வைத்துக்கொண்டார். "வழி சொல்லு, பிறகு பார்ப்போம்" என்றார். என்னைப் பெட்டி அறைக்கு அனுப்பினார்.

வழி சொல்வது சுலபமாக இருக்கவில்லை. உப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. காய்ந்த மண் போட்டால் அடுத்த விமானத்தின் காற்றில் பறந்துவிடும். மெக்கானிக் கையை விரித்தார்: விமானம் பிறகு அந்த இடத்தைத் தாண்டித்தான் முன்னுக்குப் போகும், பறந்த மண் இயந்திரத்துக்குள் போனால் யார் பொறுப்பு? அவர் சொன்னதும் நியாயம். ஈர மண்ணைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கூடி, மண்ணுக்கு மேலேயே புதிதாக ஒரு ஐஸ். முந்தியதைவிட மோசம்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரம். நான் கவலையோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். றெஜினா புட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"என்ன அண்ணை, முகம் தொங்கிப்போய்க் கிடக்கு?"

"மண் ஒட்டுதில்லை, பிள்ளை. காய்ஞ்சால் பறக்குது. நனைச்சால் உறையுது."

"எந்தத் தண்ணியில குழைச்சனீங்கள்?"

"பைப் தண்ணிதான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் பதினொரு பேரைப் பழக்கியவன் என்ற எண்ணம் கொஞ்சம் ஆடிப்போனது. "வீட்டில ஒருநாளும் அடுப்படிப் பக்கம் போகேல்லைப் போல. பச்சைத் தண்ணியில புட்டுக்குக் குழைப்பினமோ? கொதிதண்ணி வேணும். அதுவும் தெளிச்சுத் தெளிச்சு. பிடிச்சால் பிடியா நிக்கோணும், உதிர்த்தால் உதிரோணும்."

சோற்றை மூடிவைத்தேன். ஒரு வாளி மண், தேத்தண்ணிக்கு வைத்திருந்த கொதிதண்ணீர், மண் அள்ள ஒரு சவள். அவள் தெளித்தாள், நான் பிரட்டினேன். "காணும், காணும், நிப்பாட்டுங்கோ, களியாக்கிப் போடுவியள்!" பிடித்தால் பிடியாக நின்றது, உதிர்த்தால் உதிர்ந்தது. கொண்டுபோய் வெளியே உறைந்து கிடந்த ஒரு மூலையில் கொட்டினோம். சூடான மண் ஐஸை ஒரு நூல் அளவுக்கு உருக்கி, அதற்குள் இறங்கி, அப்படியே பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் கழித்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். காலால் உதைத்தார். தும்புத்தடியால் கூட்டிப் பார்த்தார். காற்றடிக்கும் குழாயைக் கொண்டுவந்து பிடித்தார். உப்புத்தாள் மாதிரி இருந்தது, ஒரு மண் மணியும் அசையவில்லை. "ஆனால் பரவலாகப் போடாதே" என்றார். பரவலாக ஏன் போட வேண்டும்? டக்கின் சில்லுகள் போகிற வழிக்கு மட்டும் இரண்டு கோடு, ஒரு சவள் அகலம். இயந்திரங்கள் இரண்டும் சிறகுக்குக் கீழே, அந்தக் கோடுகளில் இருந்து எட்டத்தில்.

அதே கிழமைக்குள் இரண்டாவது உறைமழை வந்தது. மனேஜர் சொன்னார்: "ஒரு தரம். நான் பக்கத்தில் இருப்பேன்." அந்தத் தாள் இன்னமும் அவர் பொக்கெற்றில்தான் இருந்தது, வெள்ளை நுனி எனக்குத் தெரிந்தது. சறுக்கினால் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்சக் காலத்தைப் பெட்டி அறையில் கழிக்க வேண்டியதுதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஹெட்செற்றில் கப்டன், இது வேறொருவர், தான் பிந்திவிட்டதாகவும் தள்ளும்போதே இயந்திரத்தைத் தொடக்கட்டுமா என்றும் கேட்டார். இயந்திரம் தொடங்கினால் விமானம் டக்குக்கு எதிராக முட்டும். காய்ந்த நிலத்தில் தாங்கும். ஐஸில் தாங்காது. பக்கத்தில் மனேஜர், பொக்கெற்றில் தாள், காதில் அவசரப்படும் கப்டன். "நோ, கப்டன். நிண்ட பிறகு" என்றேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் எழுதியிருப்பேன்.

தள்ளினேன். றெஜினா சிறகோடு நடந்தாள். கோடு வந்தது. அழுத்தினேன். சில்லுக்குக் கீழே கர்ர்ர் என்று ஒரு சத்தம், அரிசி அரைக்கிற மாதிரி. கோட்டுக்கு மேலேயே நின்றது. எண்பது தொன்னும் நின்றது.

மனேஜர் இறங்கிப் போய்ச் சில்லையும் கோட்டையும் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "இன்னொரு வாளி இருக்கா? பக்கத்துக் கேற்றுக்கும் போட வேண்டும்." அன்று பின்னேரமே பேமிற் என் கையில். அந்தக் குளிர் முடியும்வரை, கொதிதண்ணீர் முழுவதும் மண்ணுக்குப் போனதால், லஞ்ச் றூமில் ஒருவருக்கும் தேத்தண்ணி இல்லை. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

அடுத்த வருடம் குளிர்கால நடைமுறைப் புத்தகம் புதிதாக வந்தது. அதில் ஒரு வரி: வழுக்கும் நிலத்தில், தள்ளும் வண்டி நிற்கப்போகும் இடத்தில், சூடாக நனைத்த மண்ணை இரண்டு ஒடுங்கிய கோடுகளாக இட வேண்டும். நீங்கள் வகுப்பில் படிக்கிற அதே வரி. றெஜினா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னேன். ஆக்கியவர் யார் என்று கேட்டேன். 'குளிர்காலப் பாதுகாப்புக் குழு' என்று போட்டிருந்தது. அந்தக் குழுவில் யார் யார் என்று விசாரித்தேன். அதில் மண் குழைத்த கை ஒன்றும் இல்லை.

ஆகவே கொம்பனிக்கு, இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துச் சொல்கிறேன். பிழை என்று நினைத்தபோது ஒரு மணித்தியாலத்துக்குள் என் பெயரைத் தேடிப் பிடித்து, முழுப் பெயராக, தாளில் எழுதிக்கொண்டு வந்தீர்கள். சரி என்று தெரிந்ததும் குழு என்று எழுதிவிட்டீர்கள். இது எனக்குச் சரிவராது. நான் சிலை கேட்கவில்லை, விருந்து கேட்கவில்லை. அடுத்த பதிப்பில் அந்த வரிக்குக் கீழே பெயர் போடுங்கள். இடத்தைக் கண்டுபிடித்தது இராசையா சிவபாதம். பதத்தைச் சொன்னது றெஜினா. இரண்டு பெயரும் வர வேண்டும், என் பெயர் முதலில்.